ஊர் என்று எதைச் சொல்வது?

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகள் வரிசையில் ‘பள்ளியன்’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த எண்ணில் ‘பள்ளியர்’ என்று இன்னொரு பெயர். ஒருமைக்கு ஓர் எண், பன்மைக்கு ஓர் எண். இரண்டும் சுட்டுவது மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் பளியர் என்று எல்லோரும் அறிந்த ஒரே மக்களைத்தான். எழுத்தர் கைப்பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மக்களின் குடியிருப்பை எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். வருவாய்த் துறைக்கு அது வேறொரு கிராமத்தின் மூலை. ஊராட்சிக்கு ஒரு வார்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலனி. வனத்துறைக்குக் காப்புக்காட்டின் எல்லையோரம் உள்ள சில வீடுகள். பெயரை இரண்டு முறை எழுதிய அரசு, ஊரை ஒரு முறை எழுதத் தயங்குகிறது. பழங்குடிகளின் உரிமை, தன்னாட்சி என்று பெரிய சொற்களில் உலகெங்கும் நடக்கும் விவாதம், பேரையூர் வட்டத்து மலையடிவாரத்துக்கு வரும்போது இந்தச் சின்னக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஊர் என்று எதைச் சொல்வது? அதை யார் சொல்வது?

பேரையூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிவது சாப்டூர் மலை. அதன் மேல் சதுரகிரி, அதற்கு அப்பால் வருசநாடு. பேரையூரும் சாப்டூரும் நாயக்கர் காலத்துப் பாளையங்கள், பிறகு ஜமீன்கள். பாளையக்காரர் போய் ஜமீன்தார் வந்தார், ஜமீன்தார் போய் அரசு வந்தது. 1988இல் இந்தக் காடுகள் சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்குள் வந்தன. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் 51ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். வைகையின் நீர்ப்பிடிப்பு இந்தக் காட்டுக்குள் இருக்கிறது. குண்டாறு இந்த மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பிறந்துதான் திருமங்கலம் பக்கம் இறங்குகிறது. மலையில் மழை பிடித்தால்தான் கீழே கண்மாய் நிறையும் என்பது மானாவாரிக் கரிசலில் பருத்தியும் சோளமும் போடுகிறவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, மலை யாருடையது என்ற கேள்வி சமவெளிக்காரருக்கு அன்னியமான கேள்வி அல்ல. ஆனால் ஒவ்வொரு முறை மலைக்கு உடைமையாளர் மாறியபோதும், அதில் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, நெல்லிக்காயும் கடுக்காயும் பொறுக்கி வாழ்ந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய இடம் எது என்று அரசமைப்பைப் புரட்டினால், பழங்குடித் தன்னாட்சிக்கு இரண்டு அட்டவணைகள் கிடைக்கின்றன. ஆறாவது அட்டவணை அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் மாநிலங்களுக்கு உரியது. அங்கே தன்னாட்சி மாவட்டக் கவுன்சில்கள் நிலம், காடு, வழக்காறு பற்றிச் சட்டமே இயற்றலாம். ஐந்தாவது அட்டவணை பத்து மாநிலங்களில் சில பகுதிகளுக்கு உரியது; அங்கே 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கிராம சபைக்குத் தனி அதிகாரங்களைத் தருகிறது. தமிழ்நாட்டில் ஒரு சென்ட் நிலம்கூட இவற்றில் எதிலும் இல்லை. காரணம் பழங்குடிகள் இல்லாதது அல்ல, பழைய வரைபடம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தின் பெருநிலத்தில் தனி நிர்வாகத்துக்கு எனக் குறிக்கப்பட்ட மலைகள் கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கத்தவை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அவை அங்கே போய்விட்டன. தமிழ் பேசும் மலை எதையும் வெள்ளைக்காரன் கோடு போட்டுக் காட்டவில்லை, நாமும் போடவில்லை. மாநிலத்தில் பழங்குடிகள் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது: ஆலோசனை. 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற இரண்டே இரண்டு.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லி மலை ஆகியவற்றை அட்டவணைப் பகுதிகளாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் அது நாளையே நிறைவேறினாலும் சாப்டூர்ப் பளியருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு பகுதி அட்டவணைப் பகுதியாக வேண்டுமானால் அங்கே பழங்குடியினர் பெருவாரியாக, நெருக்கமாக இருக்க வேண்டும். நிர்வாகத்துக்குத் தோதான அளவும் இருக்க வேண்டும். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அதிலும் பளியர் நான்கைந்து மாவட்டங்களில், மலையின் இந்தச் சரிவில் இருபது வீடு, அந்தச் சரிவில் முப்பது வீடு என்று சிதறி இருப்பவர்கள். மாவட்டம், வட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று எந்த வட்டத்தைப் போட்டாலும் அதற்குள் அவர்கள் சிறுபான்மை. பெரும்பான்மை இருந்தால்தான் தன்னாட்சி என்றால், இவர்களுக்கு அது எந்தக் காலத்திலும் கிடையாது. எனவே கோணலாக இருப்பது அவர்களுடைய எண்ணிக்கை அல்ல, நாம் வைத்திருக்கும் படி. அந்த அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். பளியர் குடியிருப்பு ஒவ்வொன்றையும், அது எத்தனை சிறியதாக இருந்தாலும், தனி ஊராக, தனிக் கிராம சபையாக ஏற்று, அது காலங்காலமாகப் புழங்கிய காட்டின் மேலாண்மையை அதன் கையில் கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500. அவற்றுக்குள் இருக்கும் குக்கிராமங்கள் 79,000க்கும் மேல். சராசரியாக ஆறு குடியிருப்புகளுக்கு ஒரு கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, இப்போது தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும். பெரிய ஊரின் பள்ளிக்கூட மரத்தடியிலோ, மந்தையிலோ ஷாமியானா போட்டுக் கூட்டம் நடக்கும். அங்கே மலையடிவாரக் காலனியிலிருந்து நான்கு பேர் வந்து ஓரமாக நிற்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். யார் பேசுவார்கள்? பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலர் 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்து, பின்னாளில் விரிவான நூலாகவும் எழுதினார். அவர் கண்ட முக்கியமான உண்மை, இந்தச் சமூகத்தில் ஒருவர் இன்னொருவரை ஏவுவதில்லை என்பது. அதிகாரம் செலுத்தும் தலைவர் கிடையாது. சிறியவரானாலும் பெரியவரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் சம மரியாதை. போட்டி போடுவதைத் தவிர்ப்பார்கள். சச்சரவு முற்றினால் அடித்துக்கொள்வதைவிட அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவதே வழக்கம். இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய், குரல் உயர்த்துகிறவர் ஜெயிக்கும் ஒரு கூட்டத்தில் நிறுத்தினால் அவர்கள் பேச மாட்டார்கள். பேசாமல் இருந்ததைத் தீர்மானப் புத்தகம் ‘ஏகமனதாக’ என்று எழுதிக்கொள்ளும்.

அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வை வைத்து இன்றைய பளியரை அளக்கலாமா என்று கேட்கலாம். முழுவதும் அளக்க முடியாதுதான். இன்று அவர்களிடம் ரேஷன் அட்டை இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் தலைவர் இல்லாமலே ஒரு சமூகம் தன்னை நடத்திக்கொள்ள முடியும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. தன்னாட்சி என்றதும் நமக்கு ஒரு மூப்பன், ஒரு நாட்டாண்மை, ஒரு பஞ்சாயத்துத் திண்டு கண்முன் வருகிறது. மதுரைச் சமவெளியின் பழக்கம் அப்படி. உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களின் எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்ற அமைப்பை அறிந்தவர்களுக்கு, ஊர் என்றால் அதற்கு ஒரு முறைமை, முதல் மரியாதை, படிநிலை எல்லாம் உண்டு. பளியருக்கு அது பொருந்தாது. ஆலோசனைக்குக் கூப்பிட அதிகாரிக்கு ஒரு தலைவர் வேண்டும், கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்பதற்காக யாரையாவது ‘தலைவர்’ ஆக்கிவிடுவது, தன்னாட்சியின் பெயரால் அவர்களுடைய ஆட்சிமுறையை அழிப்பதாகவே முடியும். எல்லோரும் உட்கார்ந்து எல்லோரும் ஒப்பும்வரை பேசக்கூடிய அளவில் சபை இருந்தால் இந்தச் சிக்கலே வராது. முப்பது குடும்பம் என்பது அதற்குக் குறைவான எண்ணிக்கை அல்ல, சரியான எண்ணிக்கை.

2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் இந்த அளவைத்தான் மனத்தில் வைத்திருக்கிறது. உரிமை கோரும் மனுவைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தை ரேஞ்சரிடமோ தாசில்தாரிடமோ தராமல் கிராம சபையிடம் தந்தது. பயிர் செய்யும் நிலத்துக்குத் தனிநபர் உரிமை ஒரு பக்கம். ஊர் முழுவதும் சேர்ந்து காட்டைப் பாதுகாக்கவும் பேணவும் மேலாண்மை செய்யவும் உள்ள சமூக வன வள உரிமை மறுபக்கம். ஊராட்சி அளவில் சபையைக் கூட்டுவது சட்டத்தின் நோக்கம் அல்ல, குடியிருப்பு அளவில் கூட்ட வேண்டும் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2012இல் மாநிலங்களுக்குத் தெளிவாகவே எழுதியது. காட்டுக்குள் வீடு இருந்தால்தான் உரிமை என்பதில்லை. பிழைப்புக்குக் காட்டை நம்பி இருந்தால் போதும் என்பதையும் அதே அமைச்சகம் 2008இல் விளக்கிவிட்டது. மலையிலிருந்து இறக்கி அடிவாரத்துக் காலனி வீடுகளில் வைக்கப்பட்ட பளியருக்கு இந்த விளக்கம் உயிர்நாடி. ஆனால் தமிழ்நாட்டில் சட்டம் நடந்த கதை வேறு. உரிமைப் பட்டயம் வழங்குமுன் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட இடைக்கால உத்தரவு பல ஆண்டுகள் நீடித்து, மற்ற மாநிலங்கள் பட்டயம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நம்மைக் கைகட்டி நிற்க வைத்தது. தடை நீங்கிய பிறகும் அதிகாரிகளின் கை தனிநபர் பட்டாப் பக்கமே சாய்கிறது. நாடு முழுவதும் இதே சாய்வுதான். தனிநபர் உரிமைகள் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டன. சமூக உரிமைகள் சுமார் ஒரு லட்சம். பட்டா கொடுப்பது புகைப்படத்துக்கு நல்லது. காட்டின் மேலாண்மையைக் கொடுப்பது அதிகாரத்தைக் கொடுப்பது. அதற்குத்தான் மனம் வருவதில்லை.

அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் தொலைவில் இல்லை. மராட்டியத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு ஊர், சுமார் நூறு குடும்பங்கள். 2009இல் நாட்டிலேயே முதலாவதாகச் சமூக வன உரிமை பெற்ற ஊர்களில் ஒன்று. 1,800 ஹெக்டேர் காடு. அங்கே முடிவுகள் ஓட்டெடுப்பில் அல்ல, ஒருவரும் மறுக்காத ஒப்புதலில் எடுக்கப்படுகின்றன. பட்டயம் கையில் வந்த பிறகும் தாங்கள் வெட்டிய மூங்கிலை விற்க வனத்துறையின் போக்குவரத்துச் சீட்டுக்கு அந்த ஊர் இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2011இல் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய்ச் சீட்டுப் புத்தகத்தை ஊரிடம் கொடுத்த பிறகே மூங்கில் ஊரைத் தாண்டியது. ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதை மலைக் குடியிருப்புகளின் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசு நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் கூட்டியது. சின்னச் சின்ன ஊர்கள், காவல் துறையின் நிழலில் கூட்டம். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அதே மக்களை ஒரே மாவட்டக் கூட்டமாகக் கூட்டியிருந்தால் முடிவு அப்படி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சிறிய சபையில் வாய் திறக்கிறது.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றில் கனமானது காடு பற்றியது. ஏற்கனவே சுருங்கிய காடு, புலிகள் காப்பகம் வேறு, அதன் சாவியை ஒரு கைப்பிடி மக்களிடம் கொடுத்தால் மிஞ்சுமா என்கிறார்கள். வைகையின் தண்ணீரைக் குடிக்கும் நகரத்துக்கு இந்தக் கவலை இருப்பது இயல்பு. ஆனால் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். இதே காட்டுக்குள் இருக்கும் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரம் பேர் ஏறுகிறார்கள். 2015இல் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின என்றாலும் பாதை மூடப்படவில்லை. மூட வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஒரு நாளில் அத்தனை கால்களைத் தாங்கும் காடு, அந்த யாத்திரிகர்களுக்குச் சுமையும் டோலியும் தூக்கும் பளியர் தேனெடுக்கப் போனால் மட்டும் தாங்காது என்ற கணக்குத்தான் புரியவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகர் குடியிருப்புகள் 2011இல் சமூக வன உரிமை பெற்றன, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே. அதனால் அங்கே புலி அழிந்துவிடவில்லை. அந்த மக்கள் பல காலமாகச் சொல்லிவரும் ஒரு செய்தியையும் ஆய்வாளர்கள் இப்போது காதுகொடுத்துக் கேட்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் தரையோடு தரையாகச் சருகை எரிக்கும் அவர்களுடைய பழைய வழக்கத்தை வனத்துறை தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அது. காட்டைக் காக்கத் தெரிந்தவர் யார் என்ற கேள்விக்குச் சீருடை மட்டும் பதில் ஆகாது. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போனவர்கள் செய்த கொடுமைக்காகக் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். அந்த வழக்கில் விதிக்கப்பட்ட தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் இந்தப் பகுதிக்கே உரியது. பளியரல்லாதோர் நிலை என்ன? அடிவாரத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மலைமாடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. சாப்டூர்க் காடு அதற்குள்தான் வருகிறது. ஒரு சாராருக்கு உரிமை, இன்னொரு சாராருக்குத் தடை என்றால் அடிவாரத்தில் பகைதானே வளரும்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வன உரிமைச் சட்டம் பழங்குடியல்லாத மரபுவழிக் காடுசார் மக்களையும் சேர்த்துக்கொள்கிறது, மேய்ச்சலையும் உரிமையாகச் சொல்கிறது. ஆனால் அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அந்தச் சுமை அதிகம், அதைக் குறைக்கலாம் என்றுகூட வாதிடலாம். எந்தச் சரிவில் மாடு, எந்த மாதத்தில், எந்த ஓடையில் தண்ணீர் என்று இரண்டு ஊர்ச் சபைகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிக்கும் விவகாரத்தை, சென்னையிலிருந்து ஓர் ஆணையில் தீர்க்க முடியாது. பேச்சுக்கு இரண்டு தரப்பு வேண்டும். இன்று ஒரு தரப்புக்கு ஊரே இல்லை.

பிரிவினை அச்சத்தை விரைவாகவே தாண்டிவிடலாம். மிசோ மலைகள் 1966இல் ஆயுதம் எடுத்தது தன்னாட்சி கிடைத்ததால் அல்ல. மூங்கில் பூத்து வந்த பஞ்சத்தில் கைவிடப்பட்டதால். 1986 உடன்படிக்கையும் அதையடுத்து வந்த மாநில அந்தஸ்தும் அதை அமைதிப்படுத்தின. பேரையூர் மலையடிவாரத்து முப்பது குடும்பங்கள் நாட்டை உடைக்கும் என்று யாரும் மெய்யாகவே நம்புவதில்லை. ஆனால் இந்த அச்சத்தின் நிழல் நம் வெளியுறவுப் பேச்சில் விழுந்திருக்கிறது. தொல்குடிகளின் தன்னாட்சி உரிமையை ஏற்கும் ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கூடவே, இந்தியர் எல்லோருமே இந்த மண்ணின் தொல்குடிகள்தான் என்பது நம் நிலைப்பாடு. கேட்பதற்கு அழகான சமத்துவம். எல்லோரும் தொல்குடி என்றால் யாருக்கும் தனியாக ஒன்றும் தர வேண்டியதில்லை என்பது அதன் மறுபக்கம். நார்வேயில் சாமி மக்கள் ஒரே இடத்தில் அல்லாமல் நாடெங்கும் கலந்து வாழ்கிறார்கள். அங்கே 1989இல் அமைந்த சாமி நாடாளுமன்றத்துக்கு, அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தனி வாக்காளர் பட்டியலில் பதிந்து ஓட்டளிக்கலாம். சிதறியிருப்பது தன்னாட்சிக்குத் தடை அல்ல என்பதற்கு அது ஒரு வழி. நமக்கு அத்தனை பெரிய ஏற்பாடு தேவையில்லை, குடியிருப்பே போதும்.

பெண்கள் பற்றிய எதிர்ப்பை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். வழக்காற்றுக்கு அதிகாரம் கொடுத்தால், அது பெண்ணின் வாயை அடைப்பதற்கும் பயன்படும். நாகாலாந்தில் அரசமைப்பின் தனிப் பிரிவைக் காட்டியே நகராட்சிகளில் பெண்களுக்கான 33 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பழங்குடி அமைப்புகள் எதிர்த்தன. 2017இல் கலவரம் வெடித்துத் தேர்தல் நின்றது; 2024 ஜூனில்தான் ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்தது. எனவே தன்னாட்சி அடிப்படை உரிமைகளுக்கு உள்ளே நிற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வன உரிமைச் சட்டம் அந்த விஷயத்தில் விழிப்பாக இருக்கிறது. தனிநபர் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் சம மரியாதை என்று கார்ட்னர் எழுதிய சமூகத்துக்கு இது வெளியிலிருந்து வந்த பாடமாக இராது. அந்தப் பாடம் அதிகம் தேவைப்படுவது கீழே, சமவெளியில். பெண் ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் கணவர் உட்காரும் ஊர்கள் நம்முடையவை.

கடைசியாக, இதெல்லாம் அவர்கள் கேட்டார்களா, அவர்களுக்கு வேண்டியது ரோடும் வீடும் மருத்துவமும்தானே என்ற வாதம். அக்கறையோடு சொல்லப்படுவது, அதனாலேயே வலுவானது. தமிழக அரசு 2024 வரவுசெலவுத் திட்டத்தில் ‘தொல்குடி’ என்ற பெயரில் நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால் ரோட்டையும் உரிமையையும் எதிரெதிராக நிறுத்துவது சட்டத்தைப் படிக்காத வாதம். ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தில் சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி போன்றவற்றைக் கட்டுவதற்கு வன உரிமைச் சட்டமே எளிய வழி வைத்திருக்கிறது. அந்த வழியைத் திறப்பது கிராம சபையின் பரிந்துரை. சபை இல்லாவிட்டால், ரோடு கேட்பதற்கும் வாய் இல்லை. ரோடே வேண்டாம், பழைய பாதை போதும் என்று அவர்கள் முடிவெடுத்தால் அதுவும் அவர்களுடைய முடிவு. காட்டை விட்டு வெளியேற விரும்பும் குடும்பத்துக்குப் புலிகள் காப்பகத் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முழுவதும் முடிந்து, கிராம சபை அறிந்து மனமொப்பிச் சம்மதித்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். எந்தக் கிராம சபை? பெரிய ஊரின் சபை சம்மதித்தால், போகிறவர்கள் வேறு, சம்மதித்தவர்கள் வேறு ஆகிவிடும்.

தங்களைப் பற்றிய பதிவேட்டை வேறொருவர் எழுதினால் என்ன ஆகும் என்பது பேரையூர்ச் சீமைக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. ஒரு சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதிய சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மாயக்காள் உள்ளிட்ட பதினாறு பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே மாலைகள் விழுகின்றன; எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து மேற்கே மலையைப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். குடவோலையைப் பற்றி மேடையில் பெருமை பேசுவதிலும் நமக்குக் குறைவில்லை. உத்திரமேரூர்ச் சபையில் உட்கார நிலமும் வேதப் படிப்பும் வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம். ஜெய்பால் சிங் முண்டா அரசமைப்பு அவையில் 1946 டிசம்பரில் எழுந்து, பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்பிக்க வேண்டாம், அதை அவர்களிடம்தான் கற்க வேண்டும் என்ற பொருள்படப் பேசியபோது, எவரும் எவரையும் ஏவாத இப்படிப்பட்ட சபைகள்தான் அவர் மனத்தில் இருந்திருக்கும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மாவட்ட ஆட்சியர் பளியர் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வன உரிமைச் சட்டத்தின் பொருளில் தனிக் கிராமங்கள் என்று பட்டியலிட வேண்டும். அடுத்த கிராம சபை நாளில் பெரிய ஊரின் மந்தையில் ஒரு கூட்டம் நடக்கட்டும்; அதே நாளில், அல்லது அவர்கள் தேன் எடுக்கப் போகாத வேறு ஒரு நாளில், அடிவாரத்தில் அவர்களுக்கென்று ஒரு கூட்டம் நடக்கட்டும். அந்தக் கூட்டம் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனை சின்னக் குடியிருப்பில் குழுவுக்கு ஆள் கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்பார்கள். விதிப்படி குழுவுக்குப் பத்து முதல் பதினைந்து உறுப்பினர். முப்பது வீடு உள்ள குடியிருப்பில், இரண்டு மூன்று வீட்டுக்கு ஒருவர்.